ஐம்பதாயிரம் மணி நேரம்

நவம்பர் 2, புதன்

நேற்று மாலை எங்கள் சபையின் சேகரக் கமிட்டிக் கூட்டத்தில் எனக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். கோவில் கோபுரத்தில் கிறிஸ்துமஸுக்கு ஆண்டுதோறும் போடும் பழைய குண்டு பல்புகளை எடுத்துவிட்டு எல்.இ.டி. சீரியல் சரங்கள் போடலாமா, அவை எவ்வளவு மின்சாரம் எடுக்கும், எத்தனை காலம் உழைக்கும் என்று சோதித்து டிசம்பர் 4ஆம் தேதி அறிக்கை தர வேண்டும். கமிட்டிச் செயலாளர் ஜெயசிங் என் மனைவியின் தம்பி. காலேஜில் முப்பத்து நான்கு வருடம் பிசிக்ஸ் நடத்திய அத்தானை விட்டால் இதற்கு ஆள் ஏது என்று அவர் சொன்னதும் எல்லாரும் தலையசைத்தார்கள். வீட்டு நிலைமையைச் சொல்லி மறுத்திருக்கலாம். எனக்கு அந்த வாக்கியம் கிடைப்பதற்குள் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

என் மனைவி சாராளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து நான்கு நாள் ஆகிறது. டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னதை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அதற்கு ஒரு தேதி வந்துவிடும்.

சாராள் ஞாயிற்றுக்கிழமை காலை என்னிடம் ஒன்று கேட்டாள். அதை எழுதி வைக்கிறேன். ஹெப்சிக்குப் போன் செய்து வரச் சொல்ல வேண்டும் என்றாள். ஹெப்சி எங்கள் ஒரே மகள், கோயம்புத்தூரில் இருக்கிறாள். நானும் அவளும் பேசிப் பதினோரு வருடம் ஆகிறது. நீதான் மாதம் ஒரு தடவை அவளோடு பேசுகிறாயே, நீயே சொல்லேன் என்றேன். அதற்கு அவள் சொன்னது:

"உடம்பு சரியில்லன்னு அவகிட்ட நான் மூச்சு விடல. நான் கூப்பிட்டா எனக்காக வருவா. நான் போன பெறகு யாருக்காக வருவா? நீங்க கூப்பிடணும்."

சரி என்றேன். முதலில் இந்தச் சோதனையைத் தொடங்கிவிட்டால் மனம் கொஞ்சம் நிலைப்படும். பிறகு நிதானமாகப் பேசலாம்.

நவம்பர் 3, வியாழன்

நேற்று மாலையே கடையிலிருந்து ஒரே மாதிரியான மூன்று சரங்கள் வாங்கிவந்தேன். சரத்துக்கு நூறு விளக்கு. பெட்டியில் 4 வாட் என்றும் ஆயுள் 50,000 மணி நேரம் என்றும் அச்சடித்திருக்கிறது. ஐம்பதாயிரம் மணி நேரம் என்பது இரவு பகல் அணைக்காமல் ஐந்து வருடம் எட்டு மாதம். அச்சடித்தவர் யாரும் எரித்துப் பார்த்திருக்க முடியாது என்று நினைக்கிறேன். நான் நினைப்பது தவறாகவும் இருக்கலாம்.

மாட்டுவதற்கு முன் மின்சாரத்தை அளந்தேன். காலேஜ் ஆய்வகத்தில் கழித்துப் போட்டபோது நான் எடுத்துவந்த பழைய மீட்டர் ஒன்று இருக்கிறது. உள்ளே அலுமினியத் தகடு சுற்றும். ஆயிரத்து இருநூறு சுற்றுக்கு ஒரு யூனிட். ஒரு சரத்தை இணைத்தேன். நூறு விளக்கும் எரிந்தன. தகடு நகரவில்லை. பத்து நிமிடம் கண் இமைக்காமல் பார்த்தும் நகரவில்லை. மீட்டர் பழுது என்று முதலில் நினைத்தேன், பிறகு என் இணைப்பைச் சந்தேகித்தேன். அரை மணி கழித்துத்தான் விளங்கியது. அவ்வளவு சிறிய மின்சாரத்தை அந்த மீட்டரால் உணர முடியவில்லை. மூன்று சரத்தையும் சேர்த்து இணைத்த பிறகு, இருநூறு விநாடிக்கு ஒரு சுற்று வந்தது. மூன்றும் சேர்ந்து 15 வாட். அதாவது ஒன்றுக்கு 5. மூன்று ரீடிங் எடுத்துச் சராசரி பார்த்தேன்.

சாராளிடம் சொன்னேன். கட்டிலில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எரியுது, ஆனா மீட்டருக்குத் தெரியல" என்றாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

காலை பத்து மணிக்கு மாட்டி முடித்தேன். 'அ' சரம் சாராளின் அறை ஜன்னலில். 'ஆ' வராந்தாவில், கூரைக்குக் கீழே. 'இ' மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில், மழைக்கும் வெயிலுக்கும். மூன்றும் இரவு பகல் அணையாமல் எரியும். சாராளைப் பார்த்துக்கொள்ள வரும் செல்வக்கனி, "என்ன சார், நவம்பர்லயே இயேசு பொறந்துட்டாரா?" என்றாள். சாராள் சிரித்தாள். சிரித்ததும் வலித்தது.

நவம்பர் 6

அ, ஆ, இ மூன்றும் சரி. 68 மணி நேரம். ஹெப்சிக்கு இன்று கூப்பிடலாம் என்றிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஆராதனைக்குப் போய் எப்போது திரும்புவார்கள் என்று தெரியவில்லை.

நவம்பர் 9, புதன்

மழை. அறையில் விளக்கு கண்ணைச் சிமிட்டுவது தொந்தரவாக இருக்கிறது, நிலையாக எரிய வையுங்கள் என்று சாராள் கேட்டாள். நல்லதுதான். சிமிட்டினால் பாதி நேரம் அணைந்திருக்கும், உழைப்பு சரியாகத் தெரியாது. மூன்றையும் நிலையாக எரிய வைத்தேன்.

இன்று சாராள் மறுபடியும் கேட்டாள், போன் போட்டீர்களா என்று. இன்னும் இல்லை என்றேன். ஏன் பயப்படுகிறீர்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் இங்கே எழுதலாம்.

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் மணமக்கள் பெயரைச் சபைப் போதகரான ஐயர் வாசித்து, ஆட்சேபம் உண்டா என்று சபையைக் கேட்பார். எங்கள் பக்கம் அதை ஓலை வாசிப்பது என்போம். ஹெப்சிக்கும் அவளோடு வேலை பார்த்த அருள்ராஜுக்கும் முதல் ஓலை வாசித்தபோது ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது ஓலையில் ஜெயசிங் எழுந்து நின்றார். பெண்ணைத் தன் மகனுக்குப் பேசி வைத்திருப்பதாகச் சொன்னார். அப்படி ஒரு பேச்சே நடந்ததில்லை. அருள்ராஜ் எந்தத் தெருப் பையன் என்பதுதான் விஷயம், அது சபைக்கும் தெரியும். ஐயர் என்னைப் பார்த்து, "பெண்ணுடைய தகப்பனார் சொல்லட்டும்" என்றார்.

நான் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தேன். அந்தப் பக்கத்தில் என்ன பாட்டு இருந்தது என்று இன்றைக்கும் சொல்வேன். ஹெப்சி பெண்கள் பக்கத்து வரிசையிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐயர் இரண்டு தடவை கேட்டார். நான் எழுந்திருக்கவில்லை. ஓலை வாசிப்பு நின்றது. அடுத்த மாதம் அவர்கள் கோயம்புத்தூரில் அருள்ராஜின் சபையில் கல்யாணம் செய்துகொண்டார்கள். புறப்படும்போது அவள் தன் அம்மாவிடம், அப்பா கூப்பிட்டால் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனாளாம்.

அவ்வளவுதான் நடந்தது. நான் எதுவும் சொல்லவில்லை, அதனால் தவறாக எதையும் சொல்லவில்லை என்று சில காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 12

பேச வேண்டியதை எழுதிப் பார்த்தேன்.

'ஹெப்சி, அப்பா பேசுகிறேன். அம்மாவுக்கு உடம்பு கொஞ்சம் சரியில்லை.' இது கூடாது. அம்மாவுக்காக வருவாள்.

'ஹெப்சி, அன்றைக்கு நான் எழுந்திருக்கவில்லை.' இதைக் கேட்டு அவள் என்ன சொல்வாள் என்று தெரியவில்லை.

'ஹெப்சி, கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வாயேன்.' இது பரவாயில்லை. ஆனால் பதினோரு கிறிஸ்துமஸ் எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்டால்?

எண்ணைப் போட்டேன். மணி அடிப்பதற்குள் நிறுத்திவிட்டேன்.

நவம்பர் 13, ஞாயிறு

சாராளுக்கு இன்று கொஞ்சம் தெம்பு இருந்தது. அரை இட்லி சாப்பிட்டாள். அறிக்கையில் என்ன எழுதப் போகிறீர்கள் என்று கேட்டாள். கணக்கைச் சொன்னேன். கோபுரத்தில் இப்போது 15 வாட் குண்டு பல்பு முந்நூற்று இருபது இருக்கின்றன. இரவுக்கு ஐந்து மணி நேரம் எரித்தால் 24 யூனிட். அதே இடத்தில் அறுபது எல்.இ.டி. சரம் போட்டால் ஒன்றரை யூனிட். பதினாறில் ஒரு பங்கு.

"எத்தன நாள் ஒழைக்கும்?"

வருடத்துக்கு முப்பது நாள், நாளுக்கு ஐந்து மணி நேரம் என்றால் நூற்றைம்பது மணி. பெட்டியில் போட்டிருப்பது உண்மையானால் முந்நூற்று முப்பத்து மூன்று வருடம் என்றேன்.

"அடேயப்பா. கெட்டுப் போச்சுன்னா யாருகிட்ட போயி சண்ட போட?" என்றாள். செல்வக்கனி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. வெகு நாளைக்குப் பிறகு மூவரும் சிரித்தோம்.

செல்வக்கனி பாத்திரம் கழுவப் போன பிறகு சாராள் என் கையைப் பிடித்து, "எனக்கு முந்நூறு வருசம் இல்லீங்க" என்றாள்.

நவம்பர் 16, புதன்

இரண்டு நாள் விடாத மழைக்குப் பிறகு மொட்டைமாடியில் 'இ' சரம் பாதி அணைந்திருந்தது. காலை ஆறு மணி, 308 மணி நேரம். நூறு விளக்கும் ஐம்பது ஐம்பதாக இரண்டு வரிசையில் கோத்திருக்கிறார்கள். வரிசையில் ஓர் இடம் விட்டால் ஐம்பதும் போகும். விட்ட இடத்தைக் கண்டுபிடித்தேன். விளக்கு நன்றாகத்தான் இருந்தது. தனியே கொடுத்துப் பார்த்தால் எரிகிறது. அதன் காலும் கம்பியும் சேரும் இடத்தில் தண்ணீர் புகுந்து பச்சை பூத்து அறுந்திருக்கிறது. இணைப்பின் மேல் ரப்பர் உறை இல்லை. ஆகவே பெட்டியில் போட்டிருக்கும் ஆயுள் விளக்கின் ஆயுள், சரத்தின் ஆயுள் அல்ல. இது முக்கியமான முடிவு. சோதனையின் நடுவில் எதையும் சரிசெய்யக் கூடாது என்பது விதி, அதனால் அப்படியே விட்டுவிட்டேன்.

கீழே வந்ததும் சாராள், "மாடில போயி பேசினீயளா?" என்று கேட்டாள். கையில் போன் இருந்தது. டார்ச்சுக்காக எடுத்துப் போயிருந்தேன்.

ஆமாம் என்றேன்.

"என்ன சொன்னா?"

அடுத்த மாதம் வருவதாகச் சொன்னாள் என்றேன். குரல் எப்படி இருந்தது என்று கேட்டாள். அப்படியேதான் இருந்தது என்றேன். சாராள் ஜன்னலில் எரிந்த விளக்குகளைப் பார்த்தபடி, "சரி" என்றாள்.

நாளைக்குக் கண்டிப்பாகக் கூப்பிட்டுவிட வேண்டும். கூப்பிட்டுவிட்டால் இன்று சொன்னது ஒரு நாள் முந்திச் சொன்னதாக ஆகும், அவ்வளவுதான்.

நவம்பர் 17

அ சரி. ஆ சரி. இ பாதி.

நவம்பர் 18

அ சரி. ஆ சரி. இ பாதி. சாராளுக்கு மருந்தின் அளவைக் கூட்டியிருக்கிறார்கள்.

நவம்பர் 20, ஞாயிறு

மாடியிலிருந்து இறங்கி வந்தபோது சாராள் செல்வக்கனியின் போனை அவளிடம் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். செல்வக்கனி என்னைப் பார்த்ததும் சமையலறைக்குப் போய்விட்டாள். யாரிடம் பேசினாய் என்று நான் கேட்கவில்லை. சாராள் என்னிடம், இன்றைக்கு எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று கேட்டாள். 404 என்றேன். "ஒரு மணி நேரத்தக் கூட விடாம எழுதுதீய" என்றாள். குறையாகச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.



நவம்பர் 24, வியாழன்

சாராள் இப்போது ஒவ்வொரு நாளும் மணிக் கணக்கைக் கேட்கிறாள். இன்று எனக்கு வெட்கமான ஒரு காரியம் நடந்தது.

பிற்பகல் இரண்டு மணிக்கு, 508ஆவது மணி நேரத்தில், சாராளின் அறையில் 'அ' சரம் பாதி அணைந்தது. அவள் தூக்கத்திலிருந்து விழித்து அதைப் பார்த்துவிட்டாள். "பாதி போச்சே" என்றாள். சின்னப் பிள்ளையின் குரல் மாதிரி இருந்தது. மழை படாத இடம், ஏன் போயிற்று என்று பார்க்க வேண்டும் என்றேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

அவள் மறுபடி தூங்கியதும் சரத்தைக் கழற்றினேன். முப்பத்தேழாவது விளக்கின் கால் ஒட்டாமல் இருந்தது, தொழிற்சாலையிலேயே சரியாகப் பற்றவைக்கவில்லை. அந்த விளக்கை வெட்டி எடுத்துவிட்டு இரு முனைகளையும் முறுக்கி, டேப் சுற்றி மாட்டினேன். ஐம்பதும் எரிந்தன. இல்லை, நாற்பத்தொன்பது. அவள் எழுந்து பார்த்தபோது எல்லாம் எரிந்துகொண்டிருந்தன.

பதிவேட்டில் 'அ' பழுது என்று எழுத வேண்டும். எழுதக் கை வரவில்லை. முப்பத்து நான்கு வருடத்தில் ஒரு ரீடிங்கைக்கூட மாற்றி எழுதாதவன். மாணவர்கள் கள்ள ரீடிங் எழுதினால் நோட்டைக் கிழித்திருக்கிறேன். இன்று மாலை முழுக்க இதே நினைப்பு. இந்த வீட்டில் நான் செய்த பொய் இது ஒன்றுதான் என்பதுபோல உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 25

பதிவேட்டைத் திருத்தினேன். '508 மணி. பழுது. சோதனை செய்தவர் விதியை மீறிச் சரிசெய்தார்.'

நவம்பர் 27, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. ஜெயசிங் வந்து அக்காவைப் பார்த்துவிட்டுப் போனார். பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிவந்திருந்தார். கட்டிலுக்கு அருகே நின்று ஜெபம் பண்ணினார். பண்ணும்போது அவருக்குக் குரல் உடைந்தது. சாராள் அவரிடம், "ஹெப்சி வாரா" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் ஹார்லிக்ஸ் பாட்டிலைப் பார்த்தேன்.

அறிக்கை எட்டுப் பக்கம் வந்திருக்கிறது. சுருக்க வேண்டும்.

நவம்பர் 30

எண்ணைப் போட்டேன். இரண்டு தடவை மணி அடித்தது. நிறுத்திவிட்டேன். அவள் திரும்பக் கூப்பிடுவாளோ என்று மாலை வரை போனைக் கையிலேயே வைத்திருந்தேன். அது என் எண் என்று அவளுக்குத் தெரியாது.

டிசம்பர் 2, வெள்ளி

சாராள் மூன்று நாளாக ஒன்றும் சாப்பிடவில்லை. இன்று காலை கண் விழித்து, "ஹெப்சி எங்க வந்துக்கிட்டிருக்கா?" என்று கேட்டாள்.

புறப்பட்டுவிட்டாள் என்று சொல்லிவிட்டேன்.

சாராள் செல்வக்கனியைக் கூப்பிட்டுத் தலை சீவிவிடச் சொன்னாள். செல்வக்கனி என் முகத்தைப் பார்க்காமல் சீப்பை எடுத்துவந்தாள். முடி அதிகம் இல்லை. மெதுவாகத்தான் சீவ முடிந்தது, தலையணையில் உரசும் இடம் புண்ணாக இருக்கிறது. சீவி, சின்னதாகக் கொண்டை போட்டு, வெளுத்த நீலச் சேலையை மேலே போர்த்திவிட்டாள். சாராள் வாசல் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டாள்.

நான் மாடிக்குப் போய் 'இ' சரத்தைப் பார்த்தேன். அதில் பார்க்க ஒன்றும் இல்லை. பத்து நாளாக முழுவதும் அணைந்து கிடக்கிறது.

டிசம்பர் 3

சாராள் காலையிலிருந்து கண் திறக்கவில்லை. டாக்டர் வந்துவிட்டுப் போனார்.

டிசம்பர் 4, ஞாயிறு

வரிசையாக எழுதுகிறேன்.

செல்வக்கனி வழக்கம்போல வந்தாள். அறிக்கைக்கு இன்று கடைசி நாள். ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவேன் என்று அவளிடம் சொல்லிவிட்டுக் கோவிலுக்குப் போனேன். இந்த நிலைமையில் ஏன் போனேன் என்று இப்போது கேட்டால் எனக்குத் தெரியவில்லை. ஒப்புக்கொண்ட வேலை என்று அப்போது தோன்றியது.

கோவில் வளாகத்துக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டேன். கோபுரத்தில் உச்சி முதல் அடி வரை எல்.இ.டி. சரங்கள் தொங்கிக்கொண்டிருந்தன. எந்த இணைப்பிலும் ரப்பர் உறை இல்லை.

ஆராதனை முடிந்து கமிட்டி அறையில் ஜெயசிங் எனக்கு நாற்காலி போட்டார். அறிக்கையை நீட்டினேன். அதை வாங்கி மேசையில் வைத்துவிட்டு என் தோளில் கைபோட்டு ஓரமாகக் கூட்டிப்போனார்.

"போன மாசமே வாங்கியாச்சு அத்தான். அக்கா இப்படிக் கெடக்கையில நீங்க வீட்டுக்குள்ளயே உக்காந்து என்ன செய்வீய? மனசுக்கு ஒரு வேல இருக்கட்டும்னுதான் ஒங்க கையில குடுத்தோம்."

அவர் அன்பாகத்தான் சொன்னார். அதை எழுத வேண்டும். அவர் கையில் கனம் இருந்தது, கண்ணில் ஈரம் இருந்தது.

ஹெப்சியைக் கூப்பிடப் போகிறேன் என்று சொன்னேன். என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று தெரியாது.

"இப்ப எதுக்கு அத்தான்? எழவுக்குச் சொல்லிவிட்டா போதாதா?"

மேசையிலிருந்த அறிக்கையை எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். சைக்கிள் நிறுத்தும் கொட்டகை அருகே நின்று எண்ணைப் போட்டேன். மணி 12.40.

"யாருங்க?"

"நாந்தான்."

பின்னால் குக்கர் விசில் கேட்டது.

"அப்பாவா?"

"ஹெப்சி, வீட்டுக்கு வாம்மா."

"அம்மாவுக்கு என்ன?"

"வாம்மா" என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து சாராளின் காதருகே குனிந்து, கூப்பிட்டுவிட்டேன் என்று சொன்னேன். மூன்று தடவை சொன்னேன். மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது.

டிசம்பர் 5, திங்கள்

காலை ஆறரைக்கு ஹெப்சி வந்தாள், தனியாக. கண்ணாடி போட்டிருக்கிறாள். எனக்கு அது தெரியாது. வராந்தாவில் என்னைக் கடந்து நேரே அறைக்குள் போனாள். "அம்மா, நான் வந்துட்டேன்" என்றாள். வெகுநேரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் வெளியே நின்றேன்.

டிசம்பர் 6, செவ்வாய்

காலை 9.20. ஹெப்சியின் கை சாராளின் கையில் இருந்தது. சாராளுக்கு அது தெரிந்திருக்குமா என்று டாக்டரைக் கேட்டேன். சொல்ல முடியாது என்றார்.

துக்க வீட்டில் விளக்கு அலங்காரம் கூடாது. செல்வக்கனி வந்து பிளக்கைப் பிடுங்கினாள். சோதனை முடிந்தது. ஏறத்தாழ 791 மணி நேரம்.

டிசம்பர் 8, வியாழன்

நேற்று அடக்கம். அருள்ராஜ் குழந்தையோடு வந்திருந்தார். குழந்தைக்கு ஒன்பது வயது. பெயர் சாரா. எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நானும் கேட்டதில்லை.

இன்று காலை ஹெப்சி அம்மாவின் மருந்துச் சீட்டுகளை எல்லாம் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அக்டோபர் இருபத்தொம்பது டிஸ்சார்ஜ்னு இருக்கு. எங்கிட்டச் சொல்லச் சொல்லி அம்மா உங்ககிட்டக் கேட்டிருப்பாங்களே, எப்ப?"

போன வாரம் என்று சொல்லலாம். அவளால் சரிபார்க்க முடியாது.

"அக்டோபர் முப்பது" என்றேன். "ஞாயித்துக்கிழம காலையில."

அவள் விரலை மடக்கி எண்ணவில்லை. எப்படியோ கணக்குப் போட்டுவிட்டாள். "முப்பத்தஞ்சு நாள். போன மாசம் இருபதாந்தேதி அம்மா பேசினாங்க. குரல் கம்மியா இருக்கேன்னு கேட்டேன், சளின்னாங்க. நானும் நம்பிட்டேன். முப்பத்தஞ்சு நாள் நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"லைட்டப் பாத்துக்கிட்டிருந்தேன்."

அதன் பிறகு மீதியையும் சொன்னேன். பதினாறாம் தேதி சொன்ன பொய்யை. இரண்டாம் தேதி சொன்ன பொய்யை. அம்மா தலை சீவிக்கொண்டு வாசலைப் பார்த்துப் படுத்திருந்ததை. அருள்ராஜ் எழுந்து குழந்தையை வெளியே கூட்டிப்போனார். ஹெப்சி அழவில்லை, திட்டவும் இல்லை. கேட்டுவிட்டு எழுந்து போய்ப் பெட்டியை அடுக்கத் தொடங்கினாள்.

மாலை புறப்படும்போது, "நீங்க கூப்பிடக் கூடாதுன்னு நான் சொல்லல. எடுப்பேன்னும் சொல்லல" என்றாள்.

டிசம்பர் 11, ஞாயிறு

செல்வக்கனி தன் பாத்திரம் ஒன்றை எடுத்துப்போக வந்தாள். போகாமல் நின்றாள். அவளை உட்காரச் சொன்னேன்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அம்மாவுக்குத் தெரியும் சார். இருபதாந் தேதி எம் போன்லதான் ஹெப்சி அக்காகிட்டப் பேசினாவ. பேசி முடிச்சிட்டு, 'அவரு இன்னும் போன் போடலட்டி'ன்னாவ. நான் இப்பவே அக்காகிட்ட விசயத்தச் சொல்லிருதேன்னேன். 'சொல்லிராத, அது அவரு வேல, எப்படியும் போட்டிருவாரு'ன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாவ."

அப்படியானால் இரண்டாம் தேதி ஏன் தலை சீவச் சொன்னாள் என்று கேட்டேன்.

"அதான் எனக்கும் வெளங்கல சார். அன்னைக்குச் சீவையிலயும் நான் அம்மா காதுக்குள்ள கேட்டேன், அக்கா பொறப்படலயே அம்மான்னு. 'தெரியும், நீ சீவு'ன்னாவ."

இன்று முழுக்க யோசித்தேன். நான் வெட்கப்பட்டாவது போனை எடுப்பேன் என்று செய்தாளா? நான் சொன்னதை நம்பியதாக எனக்குக் காட்டினாளா? அல்லது மகள் வரும் நாளுக்குச் செய்ய வேண்டியதை, வராவிட்டாலும், செய்து வைத்துக்கொண்டாளா? மூன்றில் எது என்று தெரிந்துகொள்ள எனக்கு வழியில்லை.

இது ஹெப்சிக்குத் தெரிய வேண்டும். மாலை நான்கு மணிக்குக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

டிசம்பர் 12

கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

டிசம்பர் 15

எடுக்கவில்லை.

டிசம்பர் 18, ஞாயிறு

மழை. கோவில் கோபுரத்தில் கிழக்குப் பக்கம் முழுவதும் அணைந்துவிட்டது என்று ஜெயசிங் ஆள் அனுப்பினார். இணைப்புகளை எப்படி மூடுவது என்று ஒரு தாளில் படம் போட்டுக் கொடுத்தனுப்பினேன். நான் போகவில்லை.

கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

டிசம்பர் 21

எடுக்கவில்லை. மணி அடித்து ஓயும்வரை வைத்திருந்தேன்.

டிசம்பர் 25, ஞாயிறு

துக்க வருடம், நட்சத்திரம் கட்டவில்லை. பக்கத்து வீடுகளிலிருந்து கேக்கும் முறுக்கும் கொண்டுவந்து வைத்தார்கள். நாம் கொடுக்கக் கூடாது, வாங்கலாம். ஆராதனை முடிந்து வந்து சாதம் வடித்தேன்.

நான்கு மணிக்குக் கூப்பிட்டேன். எடுத்தாள்.

"சொல்லுங்க" என்றாள்.

செல்வக்கனி சொன்னதைச் சொன்னேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. நான் கூப்பிடவில்லை என்பது அம்மாவுக்கு முன்பே தெரியும் என்றேன். அன்றைக்கு யாரும் வரப் போவதில்லை என்பதும் தெரியும் என்றேன்.

"தெரிஞ்சுமா தலை சீவிக்கிட்டாங்க?"

"ஆமா."

எதிர்ப்பக்கம் ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அதன் பிறகு ஹெப்சி அழுதாள். அடக்கத்தன்று அழாதவள். சின்ன வயதில் அவள் அழுதால் நான் அறையை விட்டுப் போய்விடுவேன், சாராள்தான் தூக்குவாள். போனைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளும் வைக்கவில்லை.